பஞ்சத்திலும் பாண்டுரங்கனை விடாத துக்காராம்

மும்பையிலிருந்து நம் ஊருக்குப் போகும் ரெயில், லோனாவளா மலையைத் தாண்டி புனேயை நெருங்கும்போது தேஹு ரோடு என்று ஒரு ஸ்டேஷன் வருகிறது. மெயில் வண்டி அங்கே நிற்காமல் ஓடிவிடும். மூட்டை முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டு வரும் நம்மவர்கள் பலர் அந்தப் பெயர்ப் பலகையைக் கவனிப்பதும் இல்லை.

அந்த ஸ்டேஷனிலிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில், இந்திராயணி ஆற்றங்கரையில் இருக்கிறது தேஹு கிராமம். அங்கே நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு தானியக் கடைக்காரர் வாழ்ந்தார். பஞ்சம் அவருடைய கடையைத் தின்றது. மனைவியைத் தின்றது. பிள்ளையைத் தின்றது. கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஊர் சிரித்தது.

அந்தக் கடைக்காரர்தான் துக்காராம். மராட்டிய மக்கள் இன்றும் தலைமேல் வைத்துக் கொண்டாடும் மகான்.

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை மாதங்களில் அவருடைய பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து, தேஹுவிலிருந்து பண்டரிபுரம் வரை சுமார் 250 கிலோ மீட்டர் தூரம் லட்சக்கணக்கான மக்கள் நடந்தே போகிறார்கள். பண்டரிபுரம் போக முடியாத மும்பைவாசிகள், ஆஷாட ஏகாதசி அன்று வடாலாவில் உள்ள பழைய விட்டல் கோவிலில் வரிசையில் நிற்கிறார்கள். மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கும் தமிழர்களுக்கு அந்தக் கூட்டம் புதிதல்ல.

ஆனால், துக்காராம் என்றால் பிறந்தது முதல் கண்ணை மூடித் தம்பூராவை மீட்டிக் கொண்டிருந்தவர், சந்தேகமே அறியாதவர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. கடவுளை இவ்வளவு நம்பியவரும் குறைவு. கடவுளை இவ்வளவு கேள்வி கேட்டவரும் குறைவு.

வசதியான வீடு

துக்காராம் பிறந்த ஆண்டு 1608 என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். தந்தை போல்ஹோபா. தாய் கனகாய். குன்பி என்ற உழவர் வகுப்பு. நிலம் உண்டு, கடை உண்டு, வட்டிக்குக் கொடுத்து வாங்குவதும் உண்டு. ஊர்ச் சந்தையில் மகாஜன் என்ற பொறுப்பும் அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. வீட்டுக்கு அருகிலேயே முன்னோர் கட்டிய விட்டல் கோவில். பண்டரிபுரத்துக்கு நடந்து போவது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம்.

அண்ணன் சாவஜிக்கு உலக வாழ்க்கையில் பற்று இல்லை. தந்தைக்கு வயதாகவே, கடைப் பொறுப்பு சிறு வயதிலேயே துக்காராமின் தலையில் விழுந்தது. அவர் அதைத் திறமையாகவே நடத்தினார். கணக்கு வழக்குத் தெரியாத சாமியார் அல்ல அவர். தராசு பிடித்த கை.

முதல் மனைவி ருக்மாபாய்க்கு இரைப்பு நோய். அதனால் புனேயில் வசதியுள்ள குடும்பத்திலிருந்து இரண்டாவதாக ஒரு பெண்ணை மணம் முடித்து வைத்தார்கள். அவர் பெயர் ஜீஜாபாய். அவலி என்றும் அழைப்பார்கள்.

அதுவரை எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு அடிமேல் அடி விழுந்தது. துக்காராமுக்குப் பதினேழு, பதினெட்டு வயது இருக்கும்போது பெற்றோர் இறந்தார்கள். அண்ணன் மனைவியும் இறந்தார். அண்ணன் தீர்த்த யாத்திரை என்று புறப்பட்டவர் திரும்பவே இல்லை. தம்பி கானோபாவையும் இரண்டு மனைவியரையும் வைத்துக்கொண்டு இளைஞர் துக்காராம் தனியே நின்றார்.

1630-ம் ஆண்டுப் பஞ்சம்

அப்போது வந்தது தக்காணத்தையும் குஜராத்தையும் சேர்த்து அழித்த பெரும் பஞ்சம். 1630-ல் மழை அடியோடு பொய்த்தது. அந்த ஆண்டு சூரத்திலிருந்து புர்ஹான்பூருக்குப் பயணம் செய்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், வழியெல்லாம் பிணங்கள் கிடந்ததை எழுதி வைத்திருக்கிறார். சத்ரபதி சிவாஜி சிவநேரிக் கோட்டையில் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

பஞ்ச காலத்தில் தானியக் கடைக்காரனுக்குக் கொள்ளை லாபம் என்று நினைப்போம். பதுக்கி வைத்தவனுக்கு அப்படி இருக்கலாம். துக்காராம் பதுக்கவில்லை. கடன் வாங்கியவர்களிடம் திருப்பிக் கேட்டால் அவர்களிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. தனக்குக் கடன் கொடுத்தவர்களோ சும்மா விடவில்லை. மாடுகள் செத்தன. கடை திவாலாயிற்று. நேற்று வரை வணக்கம் சொன்னவர்கள் இன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் ருக்மாபாய் பட்டினியால் இறந்தார். சோற்றுக்கு ஏங்கியே அவர் உயிர் போயிற்று என்பதை, தம் வாழ்க்கையைச் சொல்லும் பாடலில் துக்காராமே பதிவு செய்திருக்கிறார். அவருடைய மூத்த பிள்ளை சந்துவும் இறந்தான். அப்போது துக்காராமுக்கு வயது 21 அல்லது 22.

தானிய வியாபாரியின் மனைவி தானியம் இல்லாமல் சாவது! அந்த அவமானத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

ஆற்றில் போன கடன் பத்திரங்கள்

எல்லாம் முடிந்த பிறகு துக்காராம் பக்கத்தில் உள்ள பாம்சந்திர மலையில் போய்த் தனியே உட்கார்ந்தார். பல நாள் வீடு திரும்பவில்லை. தம்பி கானோபா தேடிக்கொண்டு போய் அண்ணனைக் கண்டுபிடித்தார்.

இருவரும் இந்திராயணிக் கரைக்கு வந்தார்கள். வீட்டில் இருந்த கடன் பத்திரங்களை எடுத்து வரும்படி துக்காராம் சொன்னார். ஊரார் அவர்கள் குடும்பத்துக்குத் தர வேண்டிய பணத்துக்கான பத்திரங்கள் அவை. திவாலான குடும்பத்துக்கு மிஞ்சிய சொத்து அவ்வளவுதான். அவற்றை ஆற்றில் விட்டுவிடப் போவதாகச் சொன்னார்.

தம்பி தயங்கினார். அண்ணன் துறவியாகலாம், தனக்குக் குடும்பம் இருக்கிறதே என்றார். நியாயந்தான் என்று துக்காராம் பத்திரங்களை இரண்டாகப் பிரித்தார். பாதியைத் தம்பியிடம் கொடுத்தார். தம் பங்கை ஆற்றில் விட்டார்.

இதை வெறும் துறவு என்று சொல்லிவிட முடியாது. பஞ்சத்தில் அடிபட்ட ஏழைகளின் கழுத்தில் கிடந்த கயிறு அந்தப் பத்திரங்கள். கடன்காரன் வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று துக்காராமுக்குத் தெரியும். தன் கடனை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. ஆனாலும் தனக்கு வர வேண்டியதை அவர் தள்ளுபடி செய்தார்.

அதன் பிறகு, இடிந்து கிடந்த விட்டல் கோவிலைத் தம் கையாலேயே பழுது பார்த்தார். ஞானேஸ்வரர், நாமதேவர் ஆகியோரின் பாடல்களை மனப்பாடம் செய்து, ஏகாதசி நாட்களில் கீர்த்தனை செய்தார். பாபாஜி சைதன்யர் என்ற குரு கனவில் வந்து ராம கிருஷ்ண ஹரி என்ற மந்திரத்தை உபதேசித்ததாக அவரே பாடியிருக்கிறார். பிறகு நாமதேவர் விட்டலனோடு கனவில் தோன்றிப் பாடச் சொன்னாராம். அன்று முதல் அபங்கம் என்ற எளிய மராட்டிப் பாடல்கள் ஊற்றாகப் பெருகின. இன்று கிடைக்கும் தொகுப்பில் சுமார் 4,500 பாடல்கள் இருக்கின்றன.

கடவுளோடு சண்டை

அந்தப் பாடல்களில் இனிமை மட்டுமே இருக்கும் என்று எதிர்பார்த்து எடுப்பவர் திகைத்துப் போவார்.

பாதிப் பாடல்களில் பக்தி என்றால் மீதியில் வழக்கு! துக்காராம் விட்டலனைக் கடனைக் கொடுக்காத ஆசாமி என்கிறார். கல்நெஞ்சன் என்கிறார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிய பிறகும் பதில் வரவில்லை என்று அழுகிறார். நீ இருக்கிறாயா என்றே கேட்கும் பாடல்களும் உண்டு. நான் வீணாக உன்னை நம்பிக் கெட்டேனோ என்று இரவெல்லாம் புலம்பியதையும் மறைக்கவில்லை.

நமக்கு இது புதிதல்ல. திருவொற்றியூரை விட்டுப் புறப்பட்டபோது கண்பார்வை இழந்த சுந்தரர், கோவில் கோவிலாகப் போய்ச் சிவபெருமானிடம் சண்டை போட்டாரே! வேதாகமத்தில் யோபு என்ற மனிதர் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்து கடவுளைக் கேள்வி கேட்டாரே! துக்காராமும் அந்த வரிசைதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துக்காராம் தம் சந்தேகத்தை ஊரில் போய்ப் பேசித் திரியவில்லை. யார்மேல் சந்தேகமோ அவனிடமே போய்ச் சொன்னார். பேச்சை நிறுத்தவே இல்லை. உறவு அறுந்து போனவர்கள் சண்டை போட மாட்டார்கள். அன்பு இருக்கிறது என்று உள்ளூர நம்புகிறவன்தான் உரிமையோடு கோபித்துக் கொள்வான்.

பின்னாளில் அவர் தம் பஞ்ச நாட்களைத் திரும்பிப் பார்த்தார். கடை திவாலானது, பஞ்சம் வந்தது, அவமானப்பட்டது எல்லாம் தன்னைக் கடவுள் பக்கம் தள்ளின என்று பாடினார். இதைக் கேட்டால் மனைவி செத்ததையா நல்லது என்கிறார் என்று கோபம் வரலாம். அப்படிப் பொருள் கொள்வது சரியல்ல. இன்னொருவர் துன்பத்தைப் பார்த்து எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல அவர் வரவில்லை. தம் காயத்தைப் பற்றி, பல ஆண்டு அழுதபின், தாமே கண்ட உண்மையைச் சொன்னார்.

ஜீஜாபாயின் கோபம்

கதைகளிலும் சினிமாவிலும் ஜீஜாபாயை வாயாடியாகக் காட்டுவது வழக்கம். கொஞ்சம் அவர் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும்.

வசதியான வீட்டில் பிறந்த பெண். வாழ்க்கைப்பட்ட வீடு திவாலாயிற்று. வீடு நிறையப் பிள்ளைகள். அவர் கடன் வாங்கிக் கொடுத்து வியாபாரத்துக்கு அனுப்புவார். புருஷன் கிடைத்த பணத்தைக் கடனில் மாட்டிய வேறொரு ஏழைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார். பதினெட்டாம் நூற்றாண்டில் மஹிபதி எழுதிய பக்தர் சரித்திரங்கள் இப்படிப் பல நிகழ்ச்சிகளைச் சொல்கின்றன.

கரும்புக் கதை எல்லாருக்கும் தெரிந்தது. யாரோ ஒரு கட்டுக் கரும்பு கொடுத்தார்கள். வழியில் குழந்தைகள் கேட்கக் கேட்கக் கொடுத்துவிட்டு, துக்காராம் ஒரே ஒரு கரும்போடு வீட்டுக்கு வந்தார். வீட்டில் பிள்ளைகள் பசியோடு இருக்கிறார்கள். ஜீஜாபாய் அதே கரும்பால் அவர் முதுகில் ஓர் அடி வைத்தார். கரும்பு துண்டாயிற்று. பங்கு போடும் வேலை மிச்சமாயிற்று என்று துக்காராம் சிரித்தாராம்.

ஜீஜாபாய் சிரித்திருக்க மாட்டார். அவர் பாண்டுரங்கனைக் கறுப்பன் என்று திட்டுவார். தன் குடும்பத்தைக் கெடுத்தவன் என்று சபிப்பார். ஆனாலும் துக்காராம் பண்டாரா மலையில் போய் உட்கார்ந்தால், வெயிலில் மலை ஏறிச் சோறு கொண்டு போவதும் அவர்தான். புருஷன் சாப்பிடாமல் தான் சாப்பிட மாட்டார். ஒரு நாள் ஏறும்போது காலில் முள் தைத்தது என்றும், விட்டலனே வந்து எடுத்துவிட்டான் என்றும் சொல்வார்கள்.

கடவுளின் அன்பு எங்கே என்று துக்காராம் மலை உச்சியில் கேட்டுக் கொண்டிருந்தார். அந்த அன்பு திட்டிக்கொண்டே, காலில் முள் தைக்க, சோற்றுக் கூடையோடு மலையேறி வந்து கொண்டிருந்தது என்று சொன்னால் தவறாகாது.

மீண்டும் அதே ஆறு

துக்காராமின் புகழ் பரவவே எதிர்ப்பும் வளர்ந்தது. வாகோலியைச் சேர்ந்த ராமேஸ்வர பட்டர் என்ற பண்டிதர், சூத்திரன் ஒருவன் வேதப் பொருளை மராட்டியில் பாடுவதா என்று சீறினார். பாடல் சுவடிகளை ஆற்றில் மூழ்கடிக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. துக்காராம் எதிர்த்துப் பேசவில்லை. தாமே அவற்றைக் கட்டி, கல்லை வைத்து, இந்திராயணியில் போட்டார்.

ஊர் சும்மா இருக்குமா? முன்பு கடன் பத்திரங்களை ஆற்றில் விட்டு இம்மையைக் கெடுத்துக்கொண்டான். இப்போது பாட்டையும் விட்டு மறுமையையும் கெடுத்துக்கொண்டான் என்று கேலி செய்தார்கள்.

அந்தச் சொல் அவரைக் குத்தியது. கோவில் வாசலில் ஒரு கல்லின் மேல் படுத்தார். சோறு இல்லை, தண்ணீர் இல்லை. பதிமூன்று நாட்கள்! கடவுள் தன் பக்கம் இருக்கிறானா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

பதிமூன்றாம் நாள் சுவடிகள் நனையாமல் மிதந்து வந்தன என்பது மரபு. மக்கள் அந்தப் பாடல்களை மனப்பாடமாக வைத்திருந்தார்கள், ஆற்றில் போட்டது மக்கள் நாவிலிருந்து திரும்பி வந்தது என்று விளக்கம் சொல்கிறவர்களும் உண்டு. எப்படிக் கொண்டாலும் பாடல்கள் அழியவில்லை.

அதைவிடப் பெரியது அதற்குப் பிறகு நடந்தது. ஜெயித்துவிட்டேன் என்று துக்காராம் ஆர்ப்பரிக்கவில்லை. வெட்கப்பட்டார். ஊர் பேசிய ஒரு சொல்லைத் தாங்காமல் கடவுளைச் சோதனைக்கு இழுத்துவிட்டேனே, அவனுக்குத் தொல்லை கொடுத்துவிட்டேனே என்று மன்னிப்புக் கேட்டுப் பாடினார். கேட்டது கிடைத்த அன்றுதான், கேட்காமலே நம்பியிருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

எதிர்த்த ராமேஸ்வர பட்டரே பின்னர் அவருக்குச் சீடரானார். மம்பாஜி என்பவர் முள் கொம்பால் துக்காராமை அடித்தார். அன்றிரவு அவர் கீர்த்தனைக்கு வரவில்லை என்றதும், அடித்துக் கை வலிக்குமே என்று துக்காராம் அவர் வீடு தேடிப்போய் உடம்பு பிடித்துவிட்டாராம். செக்காட்டும் வகுப்பில் பிறந்த சந்தாஜி ஜக்நாடே அவர் பாடல்களை எழுதி வைத்தார். பஹிணாபாய் என்ற பிராமணப் பெண், கணவனின் அடி உதையையும் பொறுத்துக்கொண்டு அவரைக் குருவாக ஏற்றார்; தம் வாழ்க்கையைப் பாட்டாகவும் எழுதி வைத்தார்.

வறுமை தீர்ந்ததா?

தீரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் துக்காராம் கதை பொய்யாகிவிடும். நம்பினான், பணக்காரன் ஆனான் என்று முடிகிற கதை அல்ல இது. சிவாஜி மகாராஜா அனுப்பிய வரிசைகளைக்கூட அவர் திருப்பி அனுப்பினார் என்பார்கள். கடைசி வரை ஏழையாகவே இருந்தார்.

1650-ம் ஆண்டு, பங்குனி மாதத் தேய்பிறைத் துவிதியை அன்று, துக்காராம் உடலோடு வைகுண்டம் சென்றார் என்பது பக்தர்கள் நம்பிக்கை. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் அந்த நாளைத் துக்காராம் பீஜ் என்று தேஹுவில் கொண்டாடுகிறார்கள். அவர் மறைந்தபோது ஜீஜாபாய் கர்ப்பமாக இருந்தார். பிறந்த பிள்ளை நாராயணன். தந்தையின் முகத்தைப் பார்க்காத அந்தப் பிள்ளைதான் 1685-ல் பல்லக்கு யாத்திரையைத் தொடங்கி வைத்தார்.

ஆற்றில் மூழ்கடித்த பாடல்கள் 1869-ல் மும்பை அரசின் உதவியோடு அச்சேறத் தொடங்கின. காந்தியடிகள் எரவாடா சிறையில் இருந்தபோது அவற்றில் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1936-ல் பிரபாத் கம்பெனி எடுத்த சந்த் துக்காராம் படம் மும்பையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது. 1938-ல் தமிழிலும் துக்காராம் படம் வந்தது. சங்கீத வித்துவான் முசிறி சுப்பிரமணிய அய்யர் நடித்த ஒரே படம் அது.

நமக்கு என்ன?

ஊரில் வயல் காய்ந்து, இந்த நகரத்துக்கு ரெயில் ஏறியவர்கள் நாம். 1982-ல் தொடங்கிய மில் வேலை நிறுத்தத்தில் வேலை இழந்த குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். வட்டிக் கடை, வாடகை பாக்கி, ஊருக்கு அனுப்ப முடியாத பணம் இவை நமக்குத் தெரியாதவை அல்ல. அந்த நேரத்தில் கோவிலுக்குப் போகிறவருக்கும், சர்ச்சுக்குப் போகிறவருக்கும், மசூதிக்குப் போகிறவருக்கும் ஒரே கேள்விதான் வருகிறது. நம்மேல் அவனுக்கு அன்பு இருந்தால் இப்படி விடுவானா?

அந்தக் கேள்வி வந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். மகான் என்று கொண்டாடப்படுகிறவருக்கே வந்தது. அவர் அதை மனத்தில் பூட்டி வைக்கவில்லை, கடவுளிடமே கேட்டார். பதில் வரும் வரை சும்மாவும் இருக்கவில்லை. இடிந்த கோவிலைக் கட்டினார். தன்னிடம் கடன்பட்டவனை விடுவித்தார். அடித்தவனுக்கு உடம்பு பிடித்துவிட்டார். தனக்குக் கிடைக்குமா என்று ஏங்கிய அன்பை முதலில் மற்றவருக்குக் கொடுத்துப் பார்த்தார்.

கஷ்டம் தீர்ந்த பிறகு கடவுளை நம்புவது யாருக்கும் எளிது. கஷ்டம் தீராதபோதே நம்பி, அடுத்தவன் கஷ்டத்தைத் தன்னால் முடிந்த அளவு தீர்த்த ஒரு கடைக்காரரின் பெயரைத்தான் மராட்டிய நாடு இன்றும் பாடிக்கொண்டு நடக்கிறது.